குழு கூடுகிறது, பிள்ளை வாசிக்கிறானா?

கொழுந்துக்கூடை (பந்தலூர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பள்ளி ஈராசிரியர் தொடக்கப் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை 34 பிள்ளைகள். பாதிப் பேர் எங்கள் லயன் வீட்டுப் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீட்டுப்) பிள்ளைகள், மீதிப் பேர் கீழே ஆற்றோரத்துப் பணியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள். நான் எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவள். என் தாத்தாவும் பாட்டியும் 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து இந்த மலையில் குடியமர்த்தப்பட்டவர்கள்.

2024 ஆகஸ்ட்டில் பள்ளி மேலாண்மைக் குழுவை மாற்றி அமைத்தபோது என்னைத் தலைவி ஆக்கினார்கள். விரும்பித்தான் ஏற்றேன். ஓர் ஆண்டில் கழிவறைக்குத் தண்ணீர் வந்தது. ஒழுகிய கூரை மாறியது. யானை இறங்கும் பக்கம் இரண்டு விளக்குகள் போட்டார்கள். காலை உணவில் உப்புமா குழைந்து போகிறது என்று சொன்னோம், மறுவாரமே சரியானது. இவற்றை நான் சிறியவை என்று நினைக்கவில்லை. கழிவறையில் தண்ணீர் இல்லாத நாட்களில் ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் மாலை வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

போன ஜூலையில் ஒரு நாள் விடாத மழை, மின்சாரமும் இல்லை. நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகன் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தமிழ்ப் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தான். காற்றில் மெழுகுவத்தி அணைந்தது. அவன் நிறுத்தவில்லை. அந்தப் பக்கம் முழுவதையும் இருட்டிலேயே சொல்லி முடித்தான்.

விளக்கை ஏற்றிவிட்டு, பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டேன். அவன் முதல் வரிக்குப் போய், அங்கிருந்து வேகமாகச் சொல்லிக்கொண்டே வந்து, அந்த இடத்தைப் பிடிக்கப் பார்த்தான். பிடிபடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிரவு குழுவின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினேன். அத்தனை கூட்டங்களிலும் வாசிப்பு என்ற சொல்லோ கணக்கு என்ற சொல்லோ ஓர் இடத்திலும் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் என் கையெழுத்து இருக்கிறது.

பெற்றோர் சேர்ந்து பள்ளியைப் பார்த்துக்கொண்டால் பிள்ளைகளின் படிப்பு உண்மையிலேயே கூடுமா? எங்கேயாவது கூடியிருக்கிறதா? எங்கள் டீச்சர்கள் நல்லவர்கள், அவர்கள் மனம் நோகாமல் இதை எப்படிக் கேட்பது? கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நடக்கிறது. அன்றைக்கு எனக்கு அரைப்பேர்தான். அரைநாள் கூலி போவதில் எனக்கு வருத்தம் இல்லை, போவதற்கு ஒரு பலன் இருக்க வேண்டும்.


கரும்பலகை (குன்னூர்)

அம்மா, நான் 31 ஆண்டுகள் இந்த மாவட்டத்தில் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வுபெற்றவன். உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் சட்டம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 21ஆம் பிரிவுதான் உங்கள் குழுவுக்கு அடிப்படை. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் செயல்பாட்டைக் கவனிப்பது, மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகியவை குழுவின் வேலை. இதைப் பலரும் சொல்வார்கள். யாரும் சொல்லாதது 24ஆம் பிரிவு. பிள்ளை ஒழுங்காக வருகிறதா, அதன் கற்கும் திறன் எப்படி இருக்கிறது, எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று பெற்றோரைக் கூட்டிச் சொல்வது ஆசிரியரின் கடமை என்று அங்கே எழுதியிருக்கிறது. ஆகவே உங்கள் மகனின் வாசிப்பைப் பற்றிக் கேட்பது அத்துமீறல் ஆகாது. சட்டம் உங்களுக்குக் கொடுத்த கேள்வி அது.

ஊர் சேர்ந்து பள்ளியைத் தாங்குவது நமக்குப் புதியதும் இல்லை. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஊர்க்காரர்கள் நிலம் கொடுத்தார்கள், பெஞ்சு கொடுத்தார்கள், சீருடை தைத்துக் கொடுத்தார்கள். என் தந்தை அப்படி ஒரு மாநாட்டில் பள்ளிக்குக் கடிகாரம் வாங்கிக் கொடுத்தவர். அந்தப் பரம்பரையின் பலத்தில்தான் நாம் இன்றும் நிற்கிறோம். ஆனால் கொடுப்பது ஊரின் வேலை, கற்பிப்பது வாத்தியாரின் வேலை என்று ஒரு கோடும் அதோடு சேர்ந்தே வந்துவிட்டது. உங்கள் தீர்மானப் புத்தகத்தில் இருப்பது அந்தக் கோடுதான்.

பணியில் இருந்தபோது நானும் அந்தக் கோட்டைக் காத்தவன் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு தாய் என்னிடம், "சார், இவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை" என்றார். குற்றம் சாட்டுகிறார் என்றே எனக்குக் கேட்டது. "வீட்டில் படிக்க வையுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது.


மலைச்சாரல் (கோத்தகிரி)

அக்கா, எங்கேயாவது கூடியிருக்கிறதா என்று கேட்டீர்கள். நான் கல்வியியலில் ஆய்வு செய்கிறவள். என்னால் முடிந்த வரை எளிமையாகச் சொல்கிறேன்.

நமக்கு மிக அருகில் இருப்பது உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 280 ஊர்களில் நடந்த ஆய்வு. பின்னாளில், 2019இல், நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்ளோவும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பினருடன் சேர்ந்து அதைச் செய்தார்கள். அங்கே கிராமக் கல்விக் குழுக்கள் பெயரளவில் இருந்தன. அப்படி ஒரு குழு இருப்பதே பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது.

மூன்று வழிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். சில ஊர்களில் கூட்டம் போட்டு, குழுவின் அதிகாரம் என்ன என்று விளக்கினார்கள். வேறு சில ஊர்களில் அதோடு, பிள்ளைக்கு வாசிக்கத் தெரிகிறதா என்று ஊர்க்காரர்களே சோதிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாவது வகை ஊர்களில் இவற்றோடு, உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பள்ளிக்கு வெளியே வாசிப்பு முகாம் நடத்தச் சொன்னார்கள். முடிவு என்னவென்றால், பள்ளிக்குள் எதுவும் மாறவில்லை. குழு விழித்துக்கொள்ளவில்லை, ஆசிரியர்களின் உழைப்பும் கூடவில்லை. ஆனால் முகாமுக்கு வந்த பிள்ளைகளின் வாசிப்பு நன்றாகவே முன்னேறியது.

இதை வைத்துக் குழுவால் பயனில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தகவலை மட்டும் கொடுத்து, போய்ப் போராடு என்று ஏழைப் பெற்றோரைத் தனியே அனுப்பினால் ஒன்றும் நடக்காது. செய்வதற்குத் திட்டமான ஒரு வேலையைக் கொடுத்தால் மக்கள் வருவார்கள். நான் அதை அப்படித்தான் படிக்கிறேன்.

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் இன்னொரு சோதனை நடந்தது. பள்ளிக் குழுவுக்குப் பணம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள், பயிற்சி மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள், பிள்ளைகளின் மதிப்பெண் அசையவில்லை. குழுவைக் கிராம சபையோடு இணைத்து, உறுப்பினர்களைத் தேர்தலிலும் தேர்ந்தெடுத்தபோது மொழிப் பாடத்தில் முன்னேற்றம் தெரிந்தது. ஊரில் சொல் செல்லும் ஆட்கள் பள்ளியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அதற்கு எடை கூடுகிறது.

ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டு முடிவு என்னை மிகவும் உறுத்தியது. பள்ளி நிர்வாகத்தில் பெற்றோருக்கு விரிவான பயிற்சி கொடுத்தார்கள். ஆசிரியரும் மாணவரும் வராமல் இருப்பது குறைந்தது, கற்றல் பொதுவில் கூடவில்லை. பெரியவர்களில் எழுத்தறிந்தவர் அதிகம் இருந்த ஊர்களில்தான் கற்றலுக்கும் நன்மை கிடைக்க வாய்ப்பு தெரிந்தது. அப்படியென்றால், எல்லாப் பொறுப்பையும் ஊரிடம் ஒப்படைத்துவிட்டு அரசு விலகி நின்றால், ஏற்கெனவே படித்த ஊர் முன்னே போகும், படிக்காத ஊர் இருந்த இடத்திலேயே நிற்கும். உங்கள் பள்ளிக்குக் கீழே ஆற்றோரத்தில் இருக்கும் குடியிருப்பை நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.


ஐந்து வகுப்பு (ஊட்டி)

நான் இப்போது பணியில் இருக்கும் ஆசிரியை. கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர், ஐந்து வகுப்பு. ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஒருவர், ஐந்து வகுப்பு. காலை உணவின் பதிவு, மதிய உணவின் பதிவு, வருகைப் பதிவு, எமிஸ் இணையதளத்துக்கான விவரம், இலவசப் பொருட்களின் கணக்கு என எல்லாம் என் கைப்பேசியில்தான். மழைக்காலத்தில் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு நடந்து போய் நின்று அனுப்புகிறேன். இதற்கிடையில் குழு வந்து, "பிள்ளை ஏன் வாசிக்கவில்லை?" என்று தீர்மானம் போட்டால், அது யாரை நோக்கிய விரல்?

என் வகுப்பில் யாருக்கு எது தெரியும் என்று எனக்குத் தெரியும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிரித்து வைத்திருக்கிறேன். நான்காம் வகுப்பில் அரும்பு நிலையில் இருக்கும் பிள்ளையின் பெயரைச் சொல்லச் சொன்னால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். அந்தப் பிள்ளையின் அருகில் நாளுக்கு அரை மணி நேரம் உட்கார என்னிடம் ஆள் இல்லை.

பெற்றோரிடம் நான் எதிர்பார்ப்பது மேற்பார்வையை அல்ல. வாரத்தில் இரண்டு நாள், படித்த ஒரு பெண் வந்து அந்த ஆறு பிள்ளைகளோடு உட்காரட்டும். காலியிடத்தை நிரப்பச் சொல்லித் தீர்மானம் போட்டு மேலே அனுப்பட்டும். நான் கேட்டால் அது ஊழியர் குறை என்று போய்விடும். ஊர் கேட்டால் பதில் எழுதியாக வேண்டும்.


கரும்பலகை

டீச்சர், கடைசி இரண்டு வரிகளில் குழுவின் முழுப் பலத்தையும் சொல்லிவிட்டீர்கள்.

ஆனால் காலியிடத்தை ஊரே நிரப்புவது பற்றி ஓர் எச்சரிக்கை. 2022இல் அரசுப் பள்ளிகளில் 13,331 காலியிடங்களைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்பலாம் என்று உத்தரவு வந்தது நினைவிருக்கும். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலைக்கு 12,000 என்று முதலில் அறிவித்தார்கள். தகுதித் தேர்வில் தேறிவிட்டுக் காத்திருந்தவர்கள் கொதித்தார்கள், வழக்கு நீதிமன்றம் வரை போனது. அந்தச் சம்பளத்தில் வெளியூர் ஆள் இந்த மலையில் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்க முடியாது. உள்ளூரில் யாருக்கு யார் வேண்டப்பட்டவர் என்ற கேள்வியும் உடனே வந்துவிடும்.


மலைச்சாரல்

ஐயா சொன்ன அந்தக் கேள்வி மேற்குக் கென்யாவிலும் வந்தது. ஒப்பந்த ஆசிரியரை நியமிக்கப் பள்ளிக் குழுக்களிடம் பணம் கொடுத்தபோது, பல இடங்களில் ஏற்கெனவே பணியில் இருந்த ஆசிரியர்களின் உறவினர்களே நியமிக்கப்பட்டார்கள். பெற்றோருக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்த பள்ளிகளில் அது குறைந்தது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்த ஒப்பந்த ஆசிரியர்களிடம் படித்த பிள்ளைகள் நிரந்தர ஆசிரியர்களிடம் படித்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள்.

எல் சால்வடோரில் 1991 முதல், ஆசிரியரை நியமிக்கும் அதிகாரத்தையும் நீக்கும் அதிகாரத்தையும் பெற்றோர் சங்கங்களிடமே கொடுத்தார்கள். ஆசிரியர் வராததால் வகுப்பு நடக்காமல் போகும் நாட்கள் குறைந்தன. ஆனால் ஆசிரியர்களுக்கு ஓராண்டு ஒப்பந்தம்தான். நாளைய வேலை உறுதியில்லாதவர்களின் உழைப்பில் கிடைத்த நன்மை அது. நம் மாநிலத்தில் அதை நான் ஒருநாளும் பரிந்துரைக்க மாட்டேன்.


ஹட்டி மகன் (ஊட்டி)

எல்லோரும் சமூகம், ஊர் என்று எழுதுகிறீர்கள். எங்கள் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், அந்தச் சொல்லே சிக்கலாக இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பள்ளியை என் பாட்டனார் காலத்தில் ஊரே சேர்ந்து கல் சுமந்து கட்டியது. நானும் அங்கேதான் படித்தேன். இன்று எங்கள் படுகர் வீடுகளிலிருந்து அந்தப் பள்ளிக்கு ஒரு பிள்ளைகூடப் போவதில்லை. காலை ஏழரை மணிக்கு வேன் வந்து எல்லோரையும் டவுன் பள்ளிகளுக்கு ஏற்றிப் போகிறது. என் மகளும் அந்த வேனில்தான் போகிறாள். பள்ளியில் இருக்கும் 17 பிள்ளைகளில் பெரும்பாலோர் ஜார்க்கண்டிலிருந்து தேயிலை வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அவர்கள் எங்களிடமே வாடகைக்கு இருக்கிறார்கள், எங்கள் தோட்டத்திலேயே வேலை செய்கிறார்கள்.

சட்டப்படி குழுவில் பெரும்பான்மை அந்தப் பெற்றோர்தான். அவர்களுக்குத் தமிழ் முழுதாகப் பிடிபடவில்லை. பத்து மாதம் கழித்து எந்தத் தோட்டத்தில் இருப்போம் என்பதும் தெரியாது. வீட்டுக்காரர்கள் முன்னால் வாய் திறந்து அவர்கள் எதைக் கேட்பார்கள்? ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊர் கூடும்போது பள்ளிக்குப் பெயின்ட் அடிக்கப் பணம் சேர்ந்துவிடும். போன முறை ஒரே மாலையில் சேர்ந்தது. அந்தப் பிள்ளைகள் என்ன கற்கிறார்கள் என்று ஊர்க்கூட்டத்தில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

2024இல் குழுவை 24 பேராக்கி முன்னாள் மாணவர்களையும் சேர்த்தபோது என்னைப் போட்டார்கள். முதல் கூட்டத்தில் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன், அந்தத் தாய்மார்கள் சுவரோரம் நின்றார்கள். நாற்காலி போதவில்லை என்பது காரணம் இல்லை. அடுத்த கூட்டத்தில் எல்லோரும் பாயில் உட்காரலாம் என்று சொன்னேன். அன்றைக்குத்தான் ஒரு பெண் முதல்முறையாகப் பேசினார். தன் மகளுக்குத் தமிழ் எழுத்து பழகச் சிலேட்டு வேண்டும் என்று இந்தியும் தமிழும் கலந்து சொன்னார். வேறு எதையும் கேட்கவில்லை.


காட்டுமிளகு (கூடலூர்)

நான் பணியர் சமூகத்தைச் சேர்ந்தவன், பட்டப்படிப்பு முடித்தவன். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் எங்கள் குடியிருப்பில் தன்னார்வலராக இருந்தேன்.

அக்கா, உங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் எங்கள் ஆட்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாதியைப் பற்றிப் பேசுகிறேன்.

எங்கள் வீட்டு மொழி தமிழ் இல்லை. ஒன்றாம் வகுப்பில் டீச்சர் பேசியது எனக்குச் சத்தமாக மட்டுமே கேட்டது. எல்லோரும் எழுந்தால் எழுவேன், எல்லோரும் உட்கார்ந்தால் உட்காருவேன். உங்கள் மகன் இருட்டில் ஒப்பித்தானே, நானும் மூன்றாம் வகுப்பு வரை அப்படித்தான் இருந்தேன். அவனுக்காவது சொல்லும் பொருள் தெரிந்திருக்கும். எனக்கு அதுவும் தெரியாது. இந்தப் பிள்ளைகளை மந்தம் என்று எழுதிவிடுகிறார்கள். பிறகு மிளகு பறிக்கும் காலம் வரும், தாய் தகப்பனோடு வயநாட்டுப் பக்கம் வேலைக்குப் போவோம், இரண்டு மாதம் கழித்து வந்தால் எங்கள் இடத்தில் வேறு பிள்ளை உட்கார்ந்திருக்கும். அப்படியே நின்றுவிடுவோம்.

என் பாட்டி ஒரு பள்ளியின் குழுவில் உறுப்பினர். மூன்று ஆண்டுகள் போனார். என்ன பேசினார்கள் என்று கேட்டால், "டீ கொடுத்தார்கள், விரல் வைத்தேன்" என்பார். எத்தனை பழங்குடிப் பெண்கள் உறுப்பினர் என்று எண்ணும் படிவத்தில் அவரும் ஒருவராக இருப்பார்.

கூடலூரில் வித்யோதயா பள்ளி இருக்கிறது. ஆதிவாசிப் பிள்ளைகளுக்காக நடக்கும் பள்ளி அது. அங்கே எங்கள் சமூகத்து ஆட்களே ஆசிரியர்களாக இருக்கிறார்கள். எங்கள் பாட்டு, எங்கள் கதை எல்லாம் வகுப்பறைக்குள் இருக்கின்றன. முதல் நாளே பிள்ளைக்குப் புரியும் மொழியில் ஒருவர், "வா, சாப்பிட்டாயா?" என்று கேட்கிறார். சமூகம் பள்ளியை நடத்துவது என்றால் எனக்கு அந்தக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது. அரசுப் பள்ளியில் அதைச் செய்ய முடியாதா? எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நான்கு பெண்கள் வீட்டில் இருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, டீச்சர் சொல்வதை எங்கள் மொழியில் சொன்னால் போதும். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரு சிறிய ஊதியம் வேண்டும் என்று குழு கேட்கட்டும். எங்கள் ஆட்கள் இலவசமாகவே உழைக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.


பாலாடா (கேத்தி)

சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கேரட் அறுவடைக்கு விடியும் முன்பே போய்விடுவோம், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு. பிள்ளை தானே எழுந்து, தானே கிளம்பிப் பள்ளிக்குப் போக வேண்டும். காலை உணவு வந்த பிறகுதான் என் மகள் ஒழுங்காகப் போகிறாள். கூட்டத்தை வெள்ளிக்கிழமை மாலை வைத்தால் அந்த நேரத்தில்தான் நாங்கள் தூங்குவோம். யார் வர முடியும் என்று ஒரு முறை எங்களைக் கேட்டுவிட்டு நேரத்தை வைத்திருக்கலாம்.


கொழுந்துக்கூடை

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். பஸ் வசதி, வேலை, மழை எல்லாம் சேர்ந்து தாமதமாகிவிட்டது.

உங்கள் எல்லோருடைய பதிவுகளையும் எங்கள் தலைமையாசிரியர் டீச்சரிடம் படித்துக் காட்டினேன். "ஐந்து வகுப்பு" டீச்சர் எழுதிய இடம் வந்ததும் கைப்பேசியை வாங்கித் தானே படித்தார். பிறகு பீரோவைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தார். அரும்பு நிலையில் யார் யார் என்று அதில் பெயர் பெயராக எழுதியிருந்தது. 34 பேரில் 13 பேர். என் மகனின் பெயரும் இருந்தது. "ஏன் டீச்சர் இதை என்னிடம் சொல்லவில்லை?" என்றேன். "நீங்கள் தலைவி. உங்கள் மகனைச் சொன்னால் என்ன நினைப்பீர்களோ என்று பயந்தேன்" என்றார். ஒரே வருத்தத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஓராண்டாக ஒருவருக்கொருவர் பயந்திருக்கிறோம்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை மாற்ற எங்களுக்கு அதிகாரம் இல்லை, அது அப்படியே நடக்கட்டும் என்று விட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரியம்மன் கோவில் முற்றத்தில் தனியாகக் கூடினோம். கூலி போகாத நாள் என்பதால் தகப்பன்மார்களும் வந்தார்கள். தீர்மானம், அறிக்கை எதுவும் இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் தாய் தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சிறு கதையை வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். மற்றவர் பிள்ளையை யாரும் கேட்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டோம், இல்லையென்றால் அவமானத்தில் முடிந்திருக்கும். படிக்கத் தெரியாத பெற்றோர் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கவலைப்பட்டேன். அவர்களுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தோம்: பக்கத்தில் எங்காவது விரலை வைத்து, "இது என்ன?" என்று கேளுங்கள். பிள்ளை முதல் வரிக்குத் திரும்பினால் ஒப்பிக்கிறது என்று பொருள். என் பக்கத்து லயன் பாட்டி எழுத்தே அறியாதவர். பேரனை மூன்று இடத்தில் பிடித்துவிட்டார்.

அன்று ஆற்றோரத்துக் குடியிருப்பிலிருந்து நான்கு குடும்பங்கள்தான் வந்தன. கோவில் முற்றத்தில் வைத்தது என் தவறு. அவர்கள் படியேறாமல் கீழேயே நின்றார்கள். அடுத்த வாரம் பள்ளித் திண்ணையில் வைத்தேன், ஒன்பது குடும்பங்கள் வந்தன.

இப்போது மாலையில் ஒரு மணி நேரம், கல்லூரிக்குப் போகும் இரண்டு பெண்கள் 13 பேரையும் வைத்து வாசிக்க வைக்கிறார்கள். கதைப் புத்தகங்களை டீச்சர் எடுத்துக் கொடுக்கிறார். யாருக்கு எங்கே தடுக்கிறது என்று அந்தப் பெண்கள் ஒரு தாளில் எழுதி வைக்க, டீச்சர் மறுநாள் அதைப் பார்த்துக் கற்பிக்கிறார். பெரிய மாற்றம் எதையும் இன்னும் சொல்ல முடியாது. மூன்று பிள்ளைகள் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். என் மகன் அந்த மூன்று பேரில் இல்லை. ஆனால் போன வாரம் கூப்பன் கடை (ரேஷன் கடை) பலகையின் முன்னால் நின்று, "து... து-வ... துவரை" என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னான். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள். நான் நகரவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இந்த முறை மூன்று தீர்மானங்கள் எழுதினோம். மூன்றாவதாக ஓர் ஆசிரியர் வேண்டும் என்பது ஒன்று. ஒன்றாம் வகுப்பில் பணியர் மொழி தெரிந்த ஒரு பெண், ஊதியத்தோடு வேண்டும் என்பது இன்னொன்று. மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பு நிலையையும் அந்தந்தப் பெற்றோரிடம் மட்டும் டீச்சர் நேரில் சொல்ல வேண்டும் என்பது மூன்றாவது. 24ஆம் பிரிவின் பெயரை ஐயா சொன்னபடியே எழுதினோம், கூட்டத்துக்கு வந்திருந்த ஆசிரியர் பயிற்றுநர் அதை இரண்டு முறை படித்துப் பார்த்தார். அரைப்பேர் விஷயமாகத் தொழிற்சங்கத்தில் பேசியிருக்கிறேன். கூட்ட நாளில் கொழுந்தை முன்கூட்டியே நிறுத்து முழுப்பேர் போட முடியுமா என்று கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை.

ஹட்டி அண்ணா, நீங்கள் எழுதிய பாய் விஷயத்தை நாங்களும் எடுத்துக்கொண்டோம்.


ஹட்டி மகன்

அக்கா, எங்கள் ஊர்க்கூட்டத்தில் முதல்முறையாகப் பள்ளியைப் பற்றிப் பேசினேன், பெயின்ட்டைப் பற்றி அல்ல. இரண்டு பெரியவர்கள் கோபித்துக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர், இந்தி நன்றாகத் தெரிந்தவர், வாரம் மூன்று நாள் அந்தப் பிள்ளைகளோடு உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். சிலேட்டுகள் 20 வாங்கியாகிவிட்டது.


காட்டுமிளகு

அக்கா, உங்கள் இரண்டாவது தீர்மானத்துக்குப் பதில் வரும் வரை காத்திருக்க வேண்டாம். வரும் ஞாயிறு நானும் எங்கள் குடியிருப்பிலிருந்து ஒரு தங்கையும் வருகிறோம். முதலில் ஆற்றோரத்துக்குப் போய் எங்கள் ஆட்களோடு பேசிவிட்டு, அவர்களோடு சேர்ந்து நடந்து பள்ளிக்கு வருகிறோம். கூடலூரிலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் எத்தனை மணிக்கு வந்து சேரலாம்? இறங்கிய இடத்திலிருந்து ஆற்றோரத்துக்கு எந்த வழி, யானை நடமாட்டம் எப்படி இருக்கிறது?


கொழுந்துக்கூடை

தம்பி, முதல் பஸ்ஸில் வந்தால் ஒன்பது மணிக்குள் வந்துவிடலாம். பாலத்துக்கு முன்னால் இறங்குங்கள், கீழ்ப் பாதையில் வர வேண்டாம். இந்த வாரம் குட்டியோடு ஒரு கூட்டம் அங்கே நிற்கிறது. என் வீட்டுக்காரர் பாலத்தில் நிற்பார், அவரோடு தேயிலை வழியாக வந்துவிடுங்கள். தங்கைக்குக் குடை கொண்டுவரச் சொல்லுங்கள்.